நீரோடி ஃப்ளெக்ஸ் தகராறு: ஐஸ் ஹாக்கியில் உலக சாம்பியன் யார்?

2025 பிப்ரவரி 21 காலை ஆறரைக்கு, பாஸ்டனில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய ஃபோர் நேஷன்ஸ் ஃபேஸ் ஆஃப் என்ற நான்கு நாட்டு ஐஸ் ஹாக்கி இறுதிப்போட்டி தொடங்கியது. கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்த கோலில் கனடா 3-2 என்று ஜெயித்தது. அடுத்த நாளே குமரி மாவட்டத்துக் கடலோர ஊரான நீரோடியில் ஒரு கிளப் முகப்பில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. நடுவில் மெக்டேவிட், மூலையில் மேப்பிள் இலை, மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் கொட்டை எழுத்தில் ஒரே வாசகம்: "உலக சாம்பியன் கனடா".

மூன்று மாதம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மே 22 நள்ளிரவு தாண்டி, உலக சாம்பியன்ஷிப் கால் இறுதியில் டென்மார்க்கிடம் கனடா 1-2 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து ஸ்டாக்ஹோமில் சுவிட்சர்லாந்தை 1-0 என்று வீழ்த்தி அமெரிக்கா பட்டம் வாங்கியது. மறுநாள் காலையிலேயே ஒரு கூட்டம் கிளப் முன்னால் வந்து நின்று, ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்னது. முடியாது என்றான் அதை அச்சடித்துக் கட்டிய தம்பி. சத்தம் பெரிதாகி, பக்கத்து ஊர் பொழியூரிலிருந்தும் ஆள் வந்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்று முடிவானது. அந்தப் பேச்சில் வந்த வாதங்களையும், அவற்றை நான் எடைபோட்ட விதத்தையும்தான் இங்கே எழுதுகிறேன். இது ஒரு ஃப்ளெக்ஸோடு முடிகிற விஷயமில்லை, கனடாவிலும் ஃபின்லாந்திலும் செக் நாட்டிலும் ரசிகர்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிற அதே கேள்விதான் நம் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகக் கிடக்கிற எங்கள் கரை ஊர்களில் பந்து என்றால் கால்பந்துதான், எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூரிலும் அப்படியே. பனியே பார்க்காத ஊருக்கு ஐஸ் ஹாக்கி வந்தது வெளிநாடு போனவர்கள் வழியாக. டொரண்டோவில் படிக்கப் போன தம்பிமார், ஹெல்சிங்கியில் நர்ஸ் வேலை பார்க்கிற அக்கா, டென்மார்க் கப்பலில் ஓடுகிற மச்சான் என்று ஒவ்வொருவரும் அனுப்பிய வீடியோவில் பிடித்த பைத்தியம் இது. அதனால் கட்சி பிரிந்ததும் அந்த வழியில்தான்.

கனடாக் கட்சி சொன்னது

ஃப்ளெக்ஸ் கட்டிய தம்பியின் வாதம் நேரடியானது. "அண்ணே, மெக்டேவிட் ஆடாத போட்டில ஜெயிச்சவன எப்பிடி உலக சாம்பியன்னு சொல்லுவிய?" என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப் ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. அதே நேரத்தில்தான் வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள், ஓடிக்கொண்டிருக்கும். அதன் பரிசான ஸ்டான்லி கோப்பைக்காக ஆடுகிற அணியில் இருப்பவனால் தேசிய அணிக்கு வர முடியாது. 2025 மே மாதம் மெக்டேவிட் எட்மன்டன் அணியோடு பிளேஆஃபில் இருந்தார், அந்த அணி ஜூனில் இறுதிப்போட்டி வரை போனது. பிளேஆஃபுக்கே தகுதி பெறாத அணிகளிலிருந்தும் முதல் சுற்றுகளில் வெளியேறிய அணிகளிலிருந்தும்தான் ஆட்கள் கிடைப்பார்கள். அவர்களிலும் காயம், களைப்பு, ஒப்பந்தப் பேச்சு என்று சொல்லி வராதவர்கள் உண்டு.

பிப்ரவரி போட்டியில் அந்தக் குறை இல்லை. என்ஹெச்எல் தானே நடத்தியது, ஆல்ஸ்டார் என்ற காட்சி ஆட்டத்துக்குப் பதிலாக வைத்தது, கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து நான்குக்கும் அந்த லீக்கில் ஆடும் முதல்தர ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். மான்ட்ரியாலில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய முதல் சுற்று ஆட்டத்தில் முதல் ஒன்பது வினாடிக்குள் மூன்று சண்டை. காட்சி ஆட்டமாக நினைத்து இறங்கியவர்கள் அப்படி மோத மாட்டார்கள், அது எனக்கும் புரிகிறது.

இந்த வாதத்துக்கு ஒரு பரம்பரையும் இருக்கிறது. 1972 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் அணியும் எட்டு ஆட்டம் ஆடினார்கள், எட்டாவதில் 34 வினாடி மிச்சமிருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலில்தான் தொடர் கனடாவுக்குப் போனது. அது எந்தச் சாம்பியன்ஷிப்பும் இல்லை, ஆனாலும் கனடாவில் அதற்கு இருக்கிற இடம் வேறு எதற்கும் கிடையாது. அதற்கப்புறம் 1976 முதல் 1991 வரை ஐந்து முறை நடந்த கனடா கோப்பை, அதன் தொடர்ச்சியாக 1996, 2004, 2016 உலகக் கோப்பை. எல்லாம் முழு பலத்தோடு ஆடியவை, அந்தந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஹாக்கி அங்கேதான் ஆடப்பட்டது என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

சரி, ஆனால் பொழியூர்ச் சேட்டன் ஒருவர் கேட்ட கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை. 2024 மே மாதம் பிராகில் சுவிட்சர்லாந்தை 2-0 என்று தோற்கடித்து உலக சாம்பியன் ஆனது செக் குடியரசு, முதல் கோல் டேவிட் பாஸ்ட்ரனாக் அடித்தது. அடுத்த பிப்ரவரியில் அந்தச் செக் அணிக்கு அழைப்பே இல்லை. ஜெர்மனியின் லியோன் டிரைசைட்டில் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர், அவருக்கும் இடமில்லை. "நாலு நாடு கூடி ஆடினா அது உலகமாவுமா டே?" என்றார் அவர். 2016 உலகக் கோப்பையோ இன்னும் விசித்திரம்: ஸ்லோவாக்கியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க் போன்ற எட்டு நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்து "டீம் யூரோப்" என்று ஒரே அணியாக்கி இறக்கினார்கள், அது இறுதிப்போட்டிவரை வேறு போனது. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் இருக்கிற ரசிகன் எந்தக் கொடியைப் பிடிப்பான்? நன்றாக ஆடினார்கள் என்பது வேறு, ஒரு நாட்டுக்காரனுக்கு அது தன் அணி என்று தோன்றுவது வேறு.

தம்பியின் வாதத்தில் எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிந்தது இன்னொன்று. கனடா 2025 வரை 28 முறை உலக சாம்பியன். அதில் 19 பட்டம் 1961க்குள் வாங்கியவை. அந்த 19க்கும் போனது என்ஹெச்எல் ஆட்டக்காரர்கள் கிடையாது, போக அனுமதியே இல்லாத காலம் அது. 1920ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வின்னிபெக் ஃபால்கன்ஸ், 1961ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒரு சின்ன உலோக ஆலை நகரத்திலிருந்து வந்த டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ் என்று அமெச்சூர் கிளப்புகளைத்தான் கனடா அனுப்பியது. முதல்தர ஆட்டக்காரர் இல்லாவிட்டால் பட்டம் செல்லாது என்றால் கனடாவின் கணக்கில் ஒன்பதுதான் மிஞ்சும், அந்த ஒன்பதும் மே மாதத்தை ஒட்டி அரைகுறை அணிகளோடு வாங்கியவையே. 1970ல் தொழில்முறை ஆட்டக்காரர்களை விட மறுத்ததற்காகக் கனடா கோபித்துக்கொண்டு வெளியேறி 1977ல்தான் திரும்பி வந்தது. பிரச்சினையை முதலில் கிளப்பிய நாடே திரும்பி வந்து அரைநூற்றாண்டாக அந்தப் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருக்கும்போது, நீரோடியில் உட்கார்ந்துகொண்டு அது செல்லாக்காசு என்று நாம் எப்படிச் சொல்வது?

47-0

டென்மார்க் கப்பலில் ஓடுகிற மச்சான் லீவுக்கு வந்திருந்தார். அதிகம் பேசுகிறவரில்லை. அன்றைக்கு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

1949 உலக சாம்பியன்ஷிப், ஸ்டாக்ஹோம். டென்மார்க் முதன்முதலாகக் களம் இறங்கியது அங்கேதான். கனடாவோடு ஆட்டம். முடிவு 47-0. ஒரு ஆட்டத்துக்கு அறுபது நிமிஷம், ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு கோல் என்று வாங்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் டென்மார்க் முதல் பிரிவுக்குத் திரும்பி வர 2003 ஆனது, அரைநூற்றாண்டுக்கும் மேல். நடுவில் கீழ்ப் பிரிவுகளில் கிடந்து, ஏறி இறங்கி, குட்டி நாட்டில் குட்டி லீக் வைத்துக்கொண்டு பையன்களை வளர்த்தார்கள். 2003ல் வந்ததும் முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 5-2 என்று தோற்கடித்தார்கள், கனடாவோடு 2-2 என்று சமன். ஒலிம்பிக்கில் நுழைய 2022 வரை காத்திருந்தார்கள்.

இப்போது 2025 மே 22க்கு வருவோம். ஹெர்னிங் நகரம், சொந்த மண். எதிரே கனடா, அதுவும் சிட்னி கிராஸ்பியும் நேதன் மெக்கின்னனும் இறங்கிய கனடா. மே மாத அணி என்று தள்ளிவிட முடியாத பெயர்கள் இவை. கடைசியான மூன்றாம் பீரியடில் கனடா ஒரு கோல் போட்டு முன்னால் போகிறது. டென்மார்க் கோல்கீப்பர் ஃப்ரெட்ரிக் டிக்கவ் மேற்கொண்டு எதையும் உள்ளே விடவில்லை. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சமிருக்கும்போது கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஒரு கூடுதல் ஆளை இறக்குகிறார்கள், நிக்கோலாய் ஏலர்ஸ் சமன் செய்கிறார். இந்த ஏலர்ஸ் யார் என்று பாருங்கள்: அப்போது என்ஹெச்எல்லில் வின்னிபெக் அணிக்கு ஆடியவர், அவருடைய அணி பிளேஆஃபில் தோற்ற பிறகு ஓய்வெடுக்காமல் கால் இறுதிக்காகக் கடல் தாண்டி வந்து சேர்ந்தவர். கடிகாரத்தில் 49 வினாடி இருக்கும்போது நிக் ஓலெசன் இரண்டாவது கோலைப் போடுகிறார். அவ்வளவுதான், கனடா வீட்டுக்குப் போனது.

அதன்பின் அரையிறுதியில் சுவிட்சர்லாந்திடம் டென்மார்க் 0-7 என்று அடி வாங்கியது, வெண்கல ஆட்டத்திலும் ஸ்வீடனிடம் தோற்றது. பதக்கம் கிடையாது. ஆனாலும் மச்சான் சொன்னது இது: "அன்னைக்கு ராத்திரி எங்க கப்பல்ல இருந்த டேனிஷ்காரங்க அழுதத நான் பாத்தேன். அவங்கட்ட போயி இது சின்னப் போட்டின்னு சொல்லிப் பாரு."

இந்த ஏணி உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும்தான் இருக்கிறது. முதல் பிரிவில் 16 நாடு, கீழே பிரிவு பிரிவாக இன்னும் பல நாடுகள், ஒவ்வொரு வருஷமும் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் உண்டு. அழைப்பிதழ் வைத்து நடத்தும் போட்டியில் 47-0 வாங்கிய நாடு ஒருநாள் திரும்பி வந்து கணக்குத் தீர்க்க வழியே கிடையாது. இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியதில்லை.

ஒலிம்பிக் கட்சியும் ஒரு பழைய ஆட்டக்காரரும்

மூன்றாவதாக ஒரு சிறு கூட்டம், இரண்டும் வேண்டாம், ஒலிம்பிக் ஒன்றுதான் அசல் என்றது. அவர்களிடம் சரக்கு நிறைய. 1998 நகானோவில் என்ஹெச்எல் முதன்முதலாக லீக்கை நிறுத்தி ஆட்களை அனுப்பியபோது, அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்டி ஷாட்டையும் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்து, இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்று செக் தங்கம் வாங்கியது. 2010 வான்கூவர் இறுதியில் கிராஸ்பி கூடுதல் நேரத்தில் அடித்த கோலைக் கனடாவில் சின்னப் பிள்ளையும் சொல்லும். எல்லாரும் வந்து, எல்லா நாட்டுக்கும் தகுதி பெற வழி இருந்து, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். திறமைக்கான சோதனை என்று பார்த்தால் இதுதான் உச்சம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 2018ல் என்ஹெச்எல் ஆட்களை அனுப்பவில்லை, 2022க்கு வருவதாக இருந்து கோவிட் காரணமாகப் பின்வாங்கியது. 2022ல் ஃபின்லாந்து வாங்கியது அவர்களுடைய முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம். மெக்டேவிட் இல்லை என்பதால் அது செல்லாதா? ஹெல்சிங்கி அக்கா இதற்கென்றே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அந்தத் தங்கத்தை அங்கே யாரும் அரைத் தங்கமாக நினைக்கவில்லையாம். அதே வருஷம் மே மாதம் தம்பெரேயில், சொந்த மண்ணில், கனடாவை 4-3 என்று கூடுதல் நேரத்தில் வென்று உலக சாம்பியனும் ஆனபோது ஹெல்சிங்கியின் ஹவிஸ் அமண்டா நீரூற்றுப் பக்கம் கூடிய கூட்டத்தில் தானும் நின்றதாகச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னபோது மூன்று கட்சியும் அமைதியானது. 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட். கல்லூரி மாணவர்களை வைத்து அமெரிக்கா சோவியத்தை 4-3 என்று வீழ்த்தியது. ஹாக்கி வரலாற்றிலேயே அதிகம் பேசப்படும் வெற்றி அதுதான். ஆனால் அந்த வருஷ ஒலிம்பிக் உலக சாம்பியன்ஷிப்பாகக் கணக்கில் இல்லை, 1980ல் உலக சாம்பியன்ஷிப் நடக்கவே இல்லை. 1920 முதல் 1968 வரை ஒலிம்பிக் வெற்றியே உலகப் பட்டமாகவும் எண்ணப்பட்டது, அதனால் அமெரிக்காவின் பட்டக் கணக்கில் 1933 சாம்பியன்ஷிப்போடு 1960 ஒலிம்பிக்கும் இருக்கும், 1980 இருக்காது. அப்படியானால் பட்டம் ஒன்று, மதிப்பு இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்று நினைத்ததால்தான் நீரோடியில் இவ்வளவு சத்தம்.

அந்த நேரத்தில்தான் வயதான ஒரு மாமா பேசினார். இளமையில் சந்தோஷ் டிராபி ஆடியவர், ஐஸ் ஹாக்கியில் பெரிய ஈடுபாடு கிடையாது, சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்தவர். 1941ல் தொடங்கிய சந்தோஷ் டிராபி ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்தின் உச்சம். இன்று முதல்தர ஆட்டக்காரர்கள் ஐஎஸ்எல் கிளப்புகளில் இருக்கிறார்கள், மாநில அணிக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அதனால் அதற்கு மதிப்பு போய்விட்டது என்று நகரத்தில் சொல்கிறார்கள். "2022 மே மாசம் மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியத்துக்கு இங்கேருந்து வண்டி பிடிச்சுப் போனோம் மக்களே. வங்காளம் கூடுதல் நேரத்துல கோல் போட்டு முன்னால போவுது, ஆட்டம் முடியப் போற நேரத்துல கேரளா திருப்பிப் போடுது, பெனால்டில 5-4. அந்தக் கூட்டத்துல நின்னவன்ட்ட வந்து மதிப்பு இல்லேன்னு சொல்லு பாப்போம்" என்றார். எங்கள் கரைக்கு இது போதும். இரண்டு மாநிலத்துச் சட்டையும் போட்டவர்கள் இருக்கிற கரை இது.

என் முடிவு

வராதவர்களின் பட்டியலை வைத்து ஒரு போட்டியின் மதிப்பை அளப்பது தவறு என்பதுதான் என் கட்சி. வந்தவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள், ஜெயித்தபோதும் தோற்றபோதும் அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

லாட்வியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே 28, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்காவை 4-3 என்று வென்றது. உலக சாம்பியன்ஷிப்பில் அவர்களுடைய முதல் பதக்கம். அன்று நள்ளிரவு நெருங்கும்போது நாடாளுமன்றம் அவசரமாகக் கூடி, மறுநாளை விடுமுறையாக அறிவித்தது. மூன்றாம் இடத்துக்காக ஒரு நாடு நடுராத்திரியில் சட்டம் போட்டிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1969. முந்தைய ஆகஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் புகுந்திருந்தன. மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத்தை இரண்டு முறை தோற்கடித்தது, 2-0, 4-3. சில ஆட்டக்காரர்கள் சட்டைச் சின்னத்தில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது வெற்றி இரவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், பிராகில் சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளாட்டின் அலுவலகம் நொறுக்கப்பட்டது, அதையே காரணமாக வைத்து மாஸ்கோ நெருக்கியது, ஏப்ரலில் செக்கோஸ்லோவாக்கியாவின் சீர்திருத்தத் தலைவர் டூப்செக் கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். தங்கம் என்னவோ கடைசியில் சோவியத்துக்கே போனது, செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம். இந்த வெண்கலத்தை எந்தத் தராசில் வைப்பது?

2025லும் அப்படி ஒன்று உண்டு. முந்தைய ஆகஸ்ட்டில் சைக்கிளில் போகும்போது குடித்துவிட்டு ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவரின் கார் மோதி இறந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஜானி காட்ரோவின் 13ஆம் எண் சட்டையை வைத்துக்கொண்டுதான் அமெரிக்க அணி தங்கத்தைக் கொண்டாடியது. மே மாதப் போட்டிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆடியவர் அவர்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதும், பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதும் இதுதான். உலக சாம்பியன் என்ற பட்டம் மே மாதம் ஜெயித்தவருக்கே, எல்லா நாட்டுக்கும் கதவு திறந்திருக்கும் ஒரே ஏணி அது. முழு பலத்தில் யார் பெரியவன் என்று தெரிய வேண்டுமானால், என்ஹெச்எல் ஆட்களும் வருகிற வருஷத்து ஒலிம்பிக்கைப் பார்க்க வேண்டும். நான்கு நாடு ஆடிய பிப்ரவரிப் போட்டி அருமையான ஹாக்கி, அதற்குரிய பெயரோடு அதைக் கொண்டாடலாம். தம்பி முகம் சுருங்கினாலும், வாசகத்தின் மேல் "நான்கு நாடுகள் கோப்பை வென்ற கனடா" என்று வேறு துண்டு ஒட்ட ஒத்துக்கொண்டான். மெக்டேவிட் படம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும், நானும் ரசிக்கிறேன்.

2025ல் இதை எழுதும்போது ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. 2026 பிப்ரவரி மிலான் ஒலிம்பிக்குக்கு என்ஹெச்எல் ஆட்களை அனுப்பச் சம்மதித்துவிட்டது, 2014க்குப் பிறகு முதல் முறை. ஆனால் 2022லிருந்து தடையில் இருக்கும் ரஷ்ய அணி இருக்காது. அங்கே ஜெயிப்பவரின் தங்கத்தில் அது குறையா என்று இப்போதே ஒலிம்பிக் கட்சிக்குள் பிளவு. வந்து ஆடியவர்களின் தங்கம் முழுத் தங்கம் என்றுதான் அப்போதும் சொல்வேன். அதே வருஷம் மே மாதம் உலக சாம்பியன்ஷிப் சுவிட்சர்லாந்தில், ஜூரிக்கிலும் ஃப்ரிபூரிலும். 2013, 2018, 2024, 2025 என்று நான்கு முறை இறுதிக்கு வந்து நான்கிலும் தோற்ற நாடு அது. நட்சத்திரங்கள் வராத போட்டி என்று தம்பி மறுபடி ஆரம்பித்தால், இந்த நான்கு வருஷத்தையும் அவனிடம் எடுத்து வைக்கப் போகிறேன்.